நாலாவது எபிசோட் வரைக்கும் பொறுத்துக்கோங்க

கேள்வி, ஜூன் 6
விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் அமெரிக்க நாடகத் தொடர்களில் பாதி, ஒளிபரப்பான காலத்தில் ஆள் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன. 'தி வயர்' அதில் முதலாவது. ஜனங்களுக்கு ரசனை இல்லையா, இல்லை எழுதுகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கொள்கிறார்களா? முழுசாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 6, இரவு 11.40
முழுசாகப் பார்த்தவன் சொல்கிறேன். 60 எபிசோட், இரண்டு தடவை. ரசனை இல்லாததுதான் காரணம், வேறொன்றும் இல்லை. 2002 ஜூனில் எச்பிஓ சேனலில் ஆரம்பித்தது, 2008 மார்ச்சில் முடிந்தது. பால்டிமோர் நகரத்தின் போலீஸ், போதை வியாபாரம், துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், பத்திரிகை என்று ஒரு ஊரையே கழற்றிப் பரப்பி வைத்த தொடர். எம்மி என்கிற அமெரிக்க டிவி விருதுக்கு அதற்கு ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் என்ன ரசனை வேண்டிக் கிடக்கிறது?

ஜூன் 7, காலை
திருத்தம். பரிந்துரை இரண்டு உண்டு, 2005-ல் ஒன்று, 2008-ல் ஒன்று. இரண்டும் எழுத்துக்கு. விருதுதான் கிடைக்கவில்லை. ராத்திரிக் கோபத்தில் எழுதினால் இப்படித்தான்.

ஜூன் 7, மாலை
"ரசனை இல்லை" என்று எழுதியதையும் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் முதல் குற்றவாளி நான்தான்.

2009-ல் ராத்திரி ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வேளச்சேரி அறைக்கு வந்து லேப்டாப்பில் முதல் எபிசோடைப் போடுவேன். மூன்று நாள் போட்டேன், மூன்று நாளும் தூங்கிவிட்டேன். ஆரம்பம் என்னவோ பிரமாதம்தான். தெருவில் பிணம், போலீஸ் வண்டி விளக்கில் ரத்தம் நீலமாக மின்னுகிறது. பக்கத்துப் படியில் உட்கார்ந்து மெக்நல்ட்டி என்கிற துப்பறியும் போலீஸ்காரன் ஒரு பையனிடம் விசாரிக்கிறான். செத்தவன் வாராவாரம் பகடை ஆட வருவானாம். பணம் சேர்ந்ததும் அள்ளிக்கொண்டு ஓடுவானாம், பிடித்து உதைப்பார்களாம், அடுத்த வாரம் மறுபடி வருவானாம். தெரிந்தும் ஏனப்பா அவனைச் சேர்த்துக்கொண்டீர்கள்? அமெரிக்கா ஆச்சே, சேர்த்துக்காமல் எப்படி என்கிற தோரணையில் பையன் பதில் சொல்கிறான்.

அதற்கப்புறம் ஒரு கோர்ட் காட்சி. வரிசையாகப் புது முகங்கள். யார் யாருக்கு எதிரி, யார் பெயர் என்ன, எதையும் நின்று சொல்ல மாட்டார்கள். தெருப் பையன்கள் பேசுவதில் எனக்கு மூன்றில் ஒரு பங்குகூடப் புரியவில்லை. குறட்டை.

அறையில் கூட இருந்த மதுரைக்கார அண்ணன்தான் ஹார்ட் டிஸ்க் கொடுத்தவர். "தம்பி, நாலாவது எபிசோட் வரைக்கும் பொறுத்துக்கோ" என்றார். இந்த வகைத் தொடரைச் சிபாரிசு செய்கிற எல்லாரும் சொல்லும் வாக்கியம் இதுதான். நாலு மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி விற்கிற சரக்கை யார் வாங்குவார்கள்?

ஜூன் 9
நாலாவது எபிசோடில் அப்படி என்ன என்று கேட்டதால்.

ஒரு மேஜை. பெரிய இரும்பு மேஜை வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹெர்க் என்கிற போலீஸ்காரன் ஒருத்தனாகத் தள்ளிப் பார்க்கிறான், நகரவில்லை. இன்னொருத்தன் வருகிறான், அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். முக்கி முனகி வியர்த்து வழிந்தும் மேஜை அசையவில்லை. கடைசியில்தான் தெரிகிறது, ஒரு பக்கத்துக்காரன் மேஜையை உள்ளே கொண்டுபோவதாக நினைத்துத் தள்ளியிருக்கிறான், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் வெளியே கொண்டுபோவதாக நினைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அந்த எபிசோடைப் பார்ப்பதற்கு முந்தின வாரம்தான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் முக்கால் மணி நேரம் கட்டிப் புரண்டிருந்தோம். சிரித்துச் சிரித்துத் தூக்கம் போய்விட்டது. அன்றைக்குத் தொடர்ந்து எட்டாவது எபிசோட் வரை பார்த்தேன். ஷிஃப்டுக்கு லேட்.

அதே எபிசோடில் ஒரு சமையலறைக் காட்சியும் உண்டு. அது தனிக் கதை, அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் 12
ரசனையை விடுங்கள், நேரத்துக்கு வருவோம். எந்தக் கிழமை, எத்தனை மணி, எதிர் சேனலில் என்ன? இதிலேயே பாதி உயிர் போய்விடும்.

'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' 1981 ஜனவரியில் என்பிசி-யில் வந்தது. கிழமையை மாற்றி மாற்றிப் போட்டார்கள், தேடிப் பிடித்துப் பார்க்க ஆளில்லை. பார்வையாளர் கணக்கில் கிட்டத்தட்ட அடிமட்டம். ஆனாலும் என்பிசி நிறுத்தவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு மூன்று பெரிய சேனல்களில் அதுதான் மூன்றாவது இடம். இதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க அவர்களிடம் உருப்படியாக வேறெதுவும் இல்லை. அந்த முதல் சீசனுக்கே 8 எம்மி கிடைத்தது, அப்புறம் கூட்டம் வந்தது, 1987 வரை ஓடியது. ஜெயிக்கிற சேனலில் இருந்திருந்தால் ஆறாவது வாரமே தூக்கியிருப்பார்கள்.

'மை சோ-கால்ட் லைஃப்' 1994, ஏபிசி. வியாழன் இரவு எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் மனசைச் சொல்லும் தொடர். எட்டரைக்கு எதிர் சேனலில், அதே வருஷம் புதிதாக வந்த 'ஃப்ரெண்ட்ஸ்'. 19 எபிசோடோடு கடை மூடல். கதாநாயகி கிளேர் டேன்ஸுக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்த அதே 1995 ஜனவரியில்தான் கடைசி எபிசோடும் ஒளிபரப்பானது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த கொடுமை 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. டெக்சாஸில் ஒரு சின்ன ஊர், வெள்ளிக்கிழமை ராத்திரியானால் ஊரே பள்ளிக்கூட ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து இல்லை) மைதானத்துக்குப் போய்விடும். அதுதான் கதை. 2006-ல் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தார்கள், புதனுக்கு மாற்றினார்கள், இரண்டாவது சீசனை எந்தக் கிழமைக்குக் கொண்டுபோனார்கள் தெரியுமா? வெள்ளி இரவு! இந்தக் கதையில் வருகிற மாதிரியான ஜனங்கள் அத்தனை பேரும் வீட்டிலேயே இல்லாத ராத்திரி.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து
மாரியம்மன் கோயில் தீமிதி பற்றி ஒரு நாடகம் எழுதி, அதைத் தீமிதி அன்று ராத்திரி டிவியில் போடுவது மாதிரி.

ஜூன் 13
முந்தின குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' கிழமையால் மட்டும் அடிவாங்கவில்லை. ஃபுட்பால் பிடிக்காதவர்கள் இது ஃபுட்பால் என்று ஒதுங்கினார்கள். ஃபுட்பாலுக்காக வந்தவர்கள் பார்த்தது ஒரு பயிற்சியாளரும் அவர் மனைவியும் பாத்திரம் கழுவிக்கொண்டே சண்டை போடுவதை. நானும் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு வருஷம் தொடவில்லை. மூன்றாவது சீசனிலிருந்து டைரக்டிவி என்கிற டிஷ் நிறுவனம் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு முதலில் ஒளிபரப்பியதால்தான் ஐந்து சீசன் வரை இழுத்தது. எம்மியில் கைல் சாண்ட்லருக்கு நடிப்பு விருது, கடைசி எபிசோடுக்கு எழுத்து விருது, இரண்டும் 2011 செப்டம்பரில். தொடர் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஜூன் 15
இந்தப் பார்வையாளர் கணக்கை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டவருக்கு. நீல்சன் நிறுவனம் சில வீடுகளில் கருவி வைக்கும். 1987-லிருந்து யார் யார் பார்க்கிறார்கள் என்று பொத்தானை அழுத்தச் சொல்லும் கருவி. பல ஊர்களில் ரொம்ப காலத்துக்கு வெறும் நோட்டுதான். இந்த வாரம் என்ன பார்த்தாய் என்று குடும்பத்தார் கைப்பட எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.

என்னிடம் நோட்டு வந்திருந்தால் பார்க்காத நல்ல தொடரையெல்லாம் பார்த்ததாக எழுதியிருப்பேன். அமெரிக்காக்காரன் நேர்மையானவன் போல.

எச்பிஓ-வுக்கு விளம்பரம் கிடையாது, மாதச் சந்தா. அதனால்தான் 'தி வயர்' ஐந்து சீசன் பிழைத்தது. அப்படியும் மூன்றாவது சீசன் 2004 டிசம்பரில் முடிந்து, நாலாவது வர 2006 செப்டம்பர் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருஷ இடைவெளி. அந்த நாலாவது சீசன்தான் பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேரின் கதை. மொத்தத்தில் அதுதான் உச்சம் என்பது என் கட்சி. சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் பால்டிமோரில் முதலில் துப்பறியும் போலீஸ், அப்புறம் பள்ளி ஆசிரியர். அந்த வகுப்பறை வேர்வை நாற்றம் எழுத்தில் வருகிறது என்றால் சும்மா இல்லை.

ஜூன் 21
நம் கம்ப்யூட்டர் தொழிலைப் பற்றி ஒரு நல்ல தொடர்கூட இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை: 'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்'. ஏஎம்சி சேனல், 2014 முதல் 2017 வரை, 40 எபிசோட்.

முதல் எபிசோடில் ஒரு காட்சி. 1980-களின் டெக்சாஸ், ஒரு வீட்டு கேரேஜ். ஜோ, கோர்டன் என்று இரண்டு பேர் ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, பயாஸ் (கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கிற நிரல்) சிப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணாக ஒருத்தன் படிக்க ஒருத்தன் எழுதுகிறான். விடிய விடிய, பேப்பர் பேப்பராக, ஆயிரக்கணக்கில். ஸ்ரீராமஜெயம் எழுதுகிற மாதிரி. நான் டேட்டா சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் 300 சீரியல் நம்பர் படித்துக் காட்டியிருக்கிறேன், மறுமுனையில் ஒருத்தர் டைப் அடிப்பார். பி-யா டி-யா, பாம்பேயா டெல்லியா என்று கத்தி. அந்தக் கேரேஜைப் பார்த்தபோது தொண்டை வறண்டுவிட்டது.

இதை ஏன் யாரும் பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. முதல் சீசன் நடுத்தரம்தான். கோட் சூட் போட்ட மர்ம மனிதன் வீராவேசமாகப் பேசிக்கொண்டே இருப்பான், ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். இரண்டாவது சீசனில் அவனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கேமரன், டோனா என்ற இரண்டு பெண்கள் நடத்தும் கம்பெனியைக் கதைக்கு நடுவில் கொண்டுவந்தார்கள். தொடர் அப்படியே தூக்கிக்கொண்டது, விமர்சகர்களும் திரும்பி வந்தார்கள். பார்க்கிறவர்கள் திரும்பவில்லை. பத்து லட்சத்தைத் தாண்டி ஆரம்பித்தது, பின்னாளில் அஞ்சு லட்சத்துக்கும் கீழே போனது. ஹோட்டலில் முதல் நாள் இட்லி கல்லாக இருந்தால், அடுத்த வருஷம் சமையல்காரர் மாறினாலும் நாம் போய்ப் பார்ப்போமா?

ஜூன் 22
மேலே எழுதியது 'தி வயர்'-க்குப் பொருந்தாது என்று சுட்டிக்காட்டினார்கள். சரிதான். அது முதல் நாளிலிருந்தே நல்ல இட்லி. எனக்குத்தான் தூக்கம்.

ஜூன் 28
"சிக்கலான கதை, நிறைய பாத்திரங்கள், சாதாரண ஜனங்களால் தொடர முடியாது." இதை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஆறாம் தேதி இரவு நானும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னேன்.

என் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரை படித்தவள். ஒரு ராத்திரிக்கு நாலு சீரியல். ஒன்றில் கூட்டுக்குடும்பம், இருபத்திரண்டு பேர், அதில் இரண்டு பேருக்கு ஆள் மாறாட்டம், ஒருத்திக்கு மறதி நோய், ஒரு சொத்துக்கு மூன்று உயில். போன மாதம் அந்த வீட்டு மூத்த மருமகளின் அண்ணன் யாரிடம் கடன் வாங்கினான் என்று கேட்டுப் பார்த்தேன். தொகையோடு சொன்னாள். பால்டிமோர் போதைக் கும்பலில் யார் யாருக்குக் கீழே என்று ஞாபகம் வைத்துக்கொள்ள இவளைவிட ஆள் வேண்டுமா?

அதனால் சிக்கல் காரணம் இல்லை. வேறொன்று இருக்கிறது. அம்மா சீரியல் பார்ப்பதில்லை, கேட்கிறாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே, வசனத்தை வைத்தே எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள். முக்கியமான விஷயத்தை மூன்று பேர் மூன்று தடவை சொல்வார்கள், இடி இடிக்கும், ஆளாளுக்கு முகம் காட்டுவார்கள். கவனிக்க ஆளில்லாத நேரத்திலும் புரியும்படி செய்வது ஒரு தொழில்நுட்பம், கேலி பண்ணவில்லை. 'தி வயர்' அதற்கு நேர் எதிர். ஒரு தடவைதான் காட்டுவான். அதுவும் ஒரு ஆள் காது குடைகிற மாதிரி ஓரத்தில் காட்டுவான். வெங்காயம் உரிக்கப் போனால் போச்சு. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவரிடம், கையைக் கட்டி உட்கார்ந்து திரையையே பார் என்று சொல்கிற தொடர்கள் இவை. ரசனையைக் கேட்கவில்லை, இரண்டு கையையும் கேட்கிறார்கள்.

இதுதான் என் முடிவான கருத்து. (மாறலாம்.)

ஜூலை 2
சிபாரிசு செய்கிறவர்களும் ஒரு காரணம், நானே சாட்சி. தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கு 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' கொடுத்தேன். உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் காணாமல் போகிறார்கள், மிச்சமிருப்பவர்கள் கதை. எச்பிஓ, மூன்று சீசன், 28 எபிசோட்.

"மச்சான், துக்க வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் இரண்டாம் நாள். ஆனாலும் மரியாதைக்குத் தொடர்ந்தார். ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும் போன்: "அவங்க எங்க போனாங்கன்னு எப்ப சொல்வாங்க?" சொல்வாங்க சொல்வாங்க என்று பொய் சொன்னேன். இரண்டாவது சீசன் முதல் எபிசோட் ஆதிமனிதக் காலத்தில் ஆரம்பிக்கும். ஒரு கர்ப்பிணிப் பெண், குகை, பாம்பு, பேச்சே இல்லை. அது முடிந்து பார்த்தால் வேறு ஊர், வேறு குடும்பம். போன் வந்தது: "மச்சான், தப்பான ஃபைல் குடுத்துட்டீங்க."

அதோடு சரி. இப்போது நான் எதைச் சொன்னாலும் "அதுல பதில் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

கவனித்தீர்களா, 'தி வயர்' இரண்டாவது சீசனும் இதே வேலைதான். முதல் சீசனில் தெருமுனைப் பையன்களோடு பழகவிட்டு, அடுத்ததில் திடீரென்று துறைமுகத் தொழிலாளர்கள். எனக்கும் அன்றைக்கு ஃபைல் மேல்தான் சந்தேகம் வந்தது.

ஜூலை 4
'பிரேக்கிங் பேட்' மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டதற்கு. அதுவும் முதலில் சின்னக் கூட்டம்தான். 2008-ல் வந்த முதல் சீசன், எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 7 எபிசோடில் நின்றது. நடுவில் பழைய சீசன்கள் நெட்ஃப்ளிக்ஸில் வந்தன. விட்டவர்கள் மொத்தமாகப் பார்த்துவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். 2013 செப்டம்பரில் கடைசி எபிசோடுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல். உயிரோடு இருக்கும்போதே வாசல் திறந்தது. 'தி வயர்'-க்கு டிவிடி-யில் கூட்டம் கூடி முடிப்பதற்குள் கதை முடிந்துவிட்டது. அதற்கும் முந்தின 'ஹோமிசைட்', அதே பால்டிமோர், 'தி வயர்'-ஐ உருவாக்கிய டேவிட் சைமன் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது, 1993-ல் சூப்பர் பவுல் என்கிற ஃபுட்பால் இறுதிப் போட்டி முடிந்த கையோடு ஆரம்பித்தும் கூட்டம் நிற்கவில்லை. அதில் வரும் பாட்டுகளின் உரிமைத் தகராறால் 2024 ஆகஸ்ட் வரை எந்த ஸ்ட்ரீமிங்கிலும் வரவே இல்லை. தேடி வந்தவனுக்கும் பூட்டிய கதவு.

ஜூலை 11
சமையலறைக் காட்சி. ஒத்திவைத்ததே நல்லதாகப் போயிற்று.

நேற்று மழை, கேபிள் போய்விட்டது. ஆபரேட்டர் போனை எடுக்கவில்லை. அம்மா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நாலு தடவை நடந்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த இழைக்காகவே நாலாவது எபிசோடை மறுபடி போட்டிருந்தேன். மெக்நல்ட்டியும் அவன் கூட்டாளி போலீஸ்காரன் பங்க்கும், முன்னே ஒரு பெண் கொலையான காலி வீட்டுக்கு வருகிறார்கள். போட்டோக்களைத் தரையில் பரப்புகிறார்கள். டேப்பை இழுத்து அளக்கிறார்கள். நாலு நிமிஷத்துக்கு மேல் இரண்டு பேரும் பேசுவது ஒரே ஒரு கெட்ட வார்த்தை, அதையே வெவ்வேறு ராகத்தில்.

"ஒரே வார்த்தையை மாத்தி மாத்திச் சொல்றாங்களே, என்னடா அது?"

"ஐயோன்னு அர்த்தம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மெக்நல்ட்டி ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். அவன் வெளியே போவதற்கு முன்னாலேயே அம்மா சொன்னாள்: "வெளியிலேர்ந்து சுட்டிருக்கான். அவ ஜன்னல்கிட்ட வந்திருக்கா." பங்க் தோட்டத்தில் தோட்டாக் கூட்டைக் கண்டுபிடித்ததும் "அதான் சொன்னேன்ல" என்றாள். 2009-ல் எனக்கு அந்தக் காட்சி இரண்டாவது தடவைதான் புரிந்தது.

ஆக, அம்மா கேட்பவள் மட்டும்தான் என்று 28-ம் தேதி எழுதியது தப்பு. கையில் வெங்காயம் இல்லை என்றால் பார்க்கவும் செய்கிறாள்.

ஜூலை 11, இரவு 9.50
ஐந்தாவது எபிசோடும் கேட்டாள், போட்டேன். அந்தக் குண்டு போலீஸ்காரனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா, அந்த ஒல்லிப் பையன் சாப்பிட்டானா என்றெல்லாம் விசாரணை. இருபதாவது நிமிஷம் கேபிள் வந்துவிட்டது. "நிறுத்தி வை, வரேன்" என்று எழுந்து போனாள். உயில் எபிசோட் ஓடுகிறது, இங்கே வரைக்கும் இடி கேட்கிறது. நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.